ஒதி பெருத்தால் தூணாகுமா? – பாக்டீரியாவின் ‘தற்கொலை’ குறித்துச் சில மறுப்புகள்

தமிழில் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு நோய் உண்டு. கிருமியைப் பற்றிப் பேசத் தொடங்கிய மூன்றாவது வரியில் பாற்கடல் கடையப்படும், ஆலகாலம் எழும், நீலகண்டன் வந்து நிற்பான். ஏழாவது வரியில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருப்பான். கடைசிப் பத்தியில், கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இருக்கும் இனப்பற்று ஆறறிவு படைத்த மனிதனுக்கு இல்லையே என்ற பெருமூச்சுடன் கட்டுரை நிறைவுபெறும். வாசகரும் சேர்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். பாக்டீரியா மட்டும் தொடங்கிய இடத்திலேயே, யாராலும் பார்க்கப்படாமல் கிடக்கும்.

அண்மைக்காலமாக இவ்வகை எழுத்துக்கு வசமாகச் சிக்கியிருப்பது பாக்டீரியாக்களின் ‘நச்சு–நச்சுமுறி’ அமைப்பு. பெயரைக் கேட்டாலே உவமை ஊறும் விஷயம். ஒரே செல்லுக்குள் தன்னையே முடக்கும் ஒரு நச்சும், அதைத் தடுக்கும் முறியும் அடுத்தடுத்த மரபணுக்களாக அமைந்திருக்கின்றன. எந்த எழுத்தாளர்தான் இதை விட்டுவைப்பார்? ‘தன்னினத்துக்காகத் தற்கொலை செய்துகொள்ளும் கிருமி’ என்ற தலைப்பு தானாகவே வந்து விழுந்துவிடுகிறது. அத்தலைப்பை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

நாங்கள் அறிவியலாளர்கள் அல்லர். ஒதியம்பட்டிலும் வில்லியனூரிலுமாக மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிற சிறு கூட்டம். கவிதையும் நாவலும் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உவமை எங்கள் புழக்கத்தில் உள்ள பொருள். அது எங்கே தாங்கும், எங்கே முறியும் என்று தட்டிப்பார்ப்பது எங்கள் வேலைதான். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒதிய மரம் நினைவுக்கு வரும். கிளையை வெட்டி நட்டால் போதும், வேலிக்காலாகத் தழைத்துவிடும்; பார்க்கப் பருமனாக வளரும். ஆனால் ஒதி பெருத்தாலும் தூணாகாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். தற்கொலை உவமையும் அப்படி எளிதில் தழைத்துப் பருத்ததுதான். அதன்மீது கூரை வேய்ந்துவிட்டார்கள் என்பதே எங்கள் புகார்.

முதலில் ‘நச்சு’ என்ற சொல். வாசகர் உடனே காலராவை நினைக்கிறார். அது நியாயமே, 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே காலராக் கிருமி குடலில் ஒரு நச்சை வெளிவிடுகிறது என்று காட்டியதிலிருந்து பாக்டீரியா நச்சு என்றால் அது பிறரைத் தாக்குவது என்றே பாடநூல்கள் பழக்கியிருக்கின்றன. எங்களுக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கொசுப்புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் வகைப் பாக்டீரியாவைக் கொண்டு மருந்து உருவாக்கியது. அங்கேயும் நச்சு என்பது கொசுப்புழுவின் குடலைத் துளைக்கும் புரதம். நாம் இங்கே பேசப்போகிற நச்சு செல்லை விட்டு வெளியே போவதே இல்லை. அது நோயை உண்டாக்கும் நஞ்சு அன்று. பிறந்த வீட்டிலேயே வேலை செய்கிற, பெரும்பாலும் மிகச் சிறிய, ஒரு புரதம். சில சமயம் செல்லைக் கொல்லும். பல சமயம் அதன் வளர்ச்சியை நிறுத்திவைப்பதோடு சரி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமலேயே பத்துப் பக்கம் எழுதிவிட முடிகிறது என்பதுதான் வியப்பு.

இனி, கதையின் மூலப்பொருளுக்கு வருவோம். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகுராவும் ஹிராகாவும் ஈ.கோலி பாக்டீரியாவின் எஃப் பிளாஸ்மிடில் இத்தகைய ஓர் அமைப்பை விவரித்தார்கள். அங்கே நச்சும் முறியும் இரண்டுமே புரதங்கள். 1986இல் டென்மார்க்கைச் சேர்ந்த கென் கெர்டெஸும் அவருடைய சகாக்களும் ஆர்1 என்னும் பிளாஸ்மிடில் கண்டது வேறு. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம். ஆர்1 சாதாரண வளையம் அன்று. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமந்து திரிவது. இது ஒரு செல்லுக்குள் மிகச் சில பிரதிகளே இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு மகளுக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம். அப்படிப் பங்கு கிடைக்காத மகள், சிறிது நேரம் கழித்துச் செத்துப்போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நடுப்பகுதி வெளிறி, உள்ளீடு இழந்த உருவமாகத் தெரியும். ஆய்வாளர்கள் அதைப் ‘பேய்ச்செல்’ என்றே அழைத்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? பிளாஸ்மிடில் ஹோக் என்ற மரபணு இருக்கிறது. அதன் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது; ரைபோசோம் அந்தத் தூதைப் படித்தால் 52 அமினோ அமிலங்கள் கொண்ட ஹோக் புரதம் பிறக்கும்; அது செல்லின் உள்சவ்வைக் கெடுத்துவிடும். அதே இடத்தில், எதிர்த் திசையில், சோக் என்ற இன்னொரு சிறு ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. சோக்கிலிருந்து எந்தப் புரதமும் பிறப்பதில்லை. அறுபது எழுத்துகளைச் சற்றே தாண்டிய ஒரு துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் அதன் எழுத்துகள் ஹோக் தூதின் ஒரு பகுதிக்கு நேரெதிர் இணையாக அமைந்திருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடம் ரைபோசோம் ஏறவேண்டிய இடம். அங்கே மோக் என்ற இன்னொரு சிறு வாசிப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டு வரும் ரைபோசோம்தான் ஹோக்கையும் படிக்கும். மோக் மறைக்கப்பட்டால் ஹோக் படிக்கப்படாது. ஒட்டிக்கொண்ட இணையை ஆர்.என்.ஏஸ் 3 என்னும் நொதி வந்து வெட்டிச் சிதைக்கிறது.

இவ்வளவும் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். நம் கட்டுரையாளர்கள் தாண்டிப்போகிற இடம் அடுத்து வருவது. எங்கள் பார்வையில் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. சோக் துணுக்கு ஏராளமாக உண்டாகிறது, ஆனால் நிலைப்பதில்லை; அதன் அரையாயுள் ஏறத்தாழ அரை நிமிடம். ஹோக் தூது குறைவாகவே உண்டாகிறது, ஆனால் இருபது நிமிட அளவுக்கு அரையாயுள் கொண்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்மிட் கிடைக்காத மகள் செல்லில் இரண்டுமே புதிதாக உண்டாக வழியில்லை; தாயிடமிருந்து வந்த இருப்புதான். ஐந்து நிமிடத்தில் சோக்கின் அரையாயுள் பத்து முறை கடந்துவிடும்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே ஐந்து நிமிடத்தில் ஹோக் தூதில் நூற்றுக்கு எண்பத்து நான்கு அப்படியே இருக்கும். காவல் கரைந்துபோயிற்று, காக்கப்பட்டது கரையவில்லை. பிறகு தூது படிக்கப்படுகிறது. செல் சாகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஹோக் தூது பிறந்தவுடன் வாசிக்கக்கூடிய நிலையில் இருப்பதில்லை. அதன் வால் தலையோடு மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்நிலையில் ரைபோசோமும் ஏற முடியாது, சோக்கும் ஒட்ட முடியாது. நொதிகள் வாலை மெல்ல அரித்து நாற்பது எழுத்தளவு குறைத்த பிறகே அது விரிந்துகொள்கிறது. ஆகவே செல்லுக்குள் எப்போதும் விரியாத தூதுகளின் சேமிப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சிறிது சிறிதாக விரிந்து வருபவற்றைப் பிளாஸ்மிட் உள்ள செல்லில் சோக் உடனுக்குடன் பிடித்துவிடுகிறது. பிளாஸ்மிட் இல்லாத செல்லில் விரிவது நிற்பதில்லை, பிடிக்கத்தான் ஆளில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் தற்கொலை எங்கே இருக்கிறது? தற்கொலை என்றால் ஒரு முடிவு வேண்டும்; முடிவெடுக்க ஒரு தருணம் வேண்டும். இறந்துபோன மகள் செல்லில் புதிதாக எதுவுமே தொடங்கப்படவில்லை. எந்தக் கட்டளையும் பிறக்கவில்லை. நடந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோனதுதான் நிகழ்ச்சி. தியாகம் என்றால், யாருக்காக? மற்ற பாக்டீரியாக்களுக்காகவா? செத்தது, மருந்தெதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்காத செல். பிழைத்தவை அவற்றைச் சுமப்பவை. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது கூட்டத்தில் தங்குவது பிளாஸ்மிட். அதோடு சேர்ந்து தங்குவது ஆம்பிசிலின் எதிர்ப்பு. இதை ‘இனத்துக்கான ஈகம்’ என்று எழுதுகிறவர், ஆஸ்பத்திரியில் மருந்து கேட்காமல்போகும் ஒரு கிருமிக்கூட்டத்துக்குப் புறநானூற்று மறவர்களின் மாலையைச் சூட்டுகிறார் என்பதை உணர்ந்துதான் எழுதுகிறாரா?

எதிர்வாதம் எங்களுக்குத் தெரியும். ‘விஞ்ஞானிகளே அப்படித்தானே பெயர் வைத்தார்கள்? ஹோக் என்பது ஏந்திய உயிரைக் கொல்லுதல் என்ற தொடரின் சுருக்கம். சோக் என்பது கொலையை அடக்குதல். மோக் என்பது கொலையை மட்டுப்படுத்துதல். அவர்கள் கொலை என்றால் சரி, நாங்கள் தற்கொலை என்றால் தவறா?’ பெயர் என்பது சீசாவின்மேல் ஒட்டிய சீட்டு. பெயரிட்டவர் சீட்டை ஒட்டிவிட்டு உடனே அரையாயுளை அளக்கப் போய்விட்டார். நம்மவர் சீட்டைப் படித்துவிட்டுச் சீசாவைத் திறக்காமலே விருந்து பரிமாறுகிறார். வேறுபாடு அதுதான். மேலும், ‘கொலை’ என்ற சொல் பிளாஸ்மிடின் பக்கம் கை நீட்டுகிறது. ‘தற்கொலை’ என்ற சொல் அந்தக் கையை மறைக்கிறது. ஒரு முன்னொட்டால் குற்றவாளியே காணாமல்போகும் அதிசயத்தை எங்களைப்போல் கதை படிப்பவர்கள் கவனிக்காமல் விட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

உவமையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல உவமை சமையற்கட்டிலேயே இருக்கிறது. உலை பொங்கி வரும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் அடங்கும். சிறிது நேரத்தில் மறுபடி பொங்கும். மறுபடி தெளிக்க வேண்டும். தெளித்த தண்ணீரின் ஆட்சி அரை நிமிடம். அடுப்பிலுள்ள தணல் அப்படியன்று, வெகுநேரம் நிற்கும். தெளிப்பவர் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும்? யாரும் எதுவும் செய்யாமலே பானை வழியும். சோக் என்பது தெளிக்கிற தண்ணீர்; ஹோக் தூது தணல்; எழுந்துபோனது பிளாஸ்மிட். இந்த உவமைக்கும் எல்லை உண்டு. தண்ணீர் தணலை அணைப்பதில்லை, சோக்கோ தான் பிடித்த தூதை அழிக்கவே வழி செய்கிறது. ஆனாலும் இதில் வீரன் இல்லை, துரோகி இல்லை. இரண்டு பொருள்களின் ஆயுட்காலம் மட்டும் இருக்கிறது. விஷயமும் அதுவேதான்.

பிளாஸ்மிடை விட்டு ஈ.கோலியின் குரோமோசோமுக்குப் போனால் கதை இன்னும் சுவையாகிறது. ஆய்வகங்களில் வழங்கும் கே–12 என்ற வகையில் ஹோக் குடும்பத்து அமைப்புகள் ஐந்து இடங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை இடையில் புகுந்த டி.என்.ஏ. துண்டுகளால் செயலிழந்து கிடக்கின்றன. வீரர்களின் நடுகற்கள் என்று யாராவது எழுதுவதற்குமுன் நாங்களே சொல்லிவிடுகிறோம்: அவை பழுதடைந்த பிரதிகள், வேறொன்றுமில்லை.

ஆனால் டிஸ்பி என்ற இன்னொரு நச்சு உயிரோடு இருக்கிறது. வெறும் 29 அமினோ அமிலங்கள். அதன் தூதை அடக்குவது இஸ்டிஆர்–1 என்ற 75 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ. ஸ்வீடனின் உப்சாலாவில் கெர்ஹார்ட் வாக்னரின் குழு இதை நுணுகி ஆராய்ந்தது. ரைபோசோம் டிஸ்பி தொடங்கும் இடத்தில் நேராக ஏற முடியாது. அந்த இடம் மடிந்து மூடியிருக்கிறது. ஆகவே நூறு எழுத்துகளுக்கு முன்னதாக, திறந்த ஓர் இடத்தில் வந்து காத்துநிற்கிறது. இஸ்டிஆர்–1 போய் ஒட்டுவது அந்தக் காத்திருக்கும் இடத்தில். கடையின் கதவைப் பூட்டுவதில்லை. வரிசை நிற்கும் திண்ணையை எடுத்துவிடுகிறது. அமைதியான நாளில் இஸ்டிஆர்–1 எப்போதும் இருப்பில் இருக்கும். டி.என்.ஏ.வுக்குச் சேதம் வந்தால் செல்லின் அபாய ஏற்பாடு விழித்துக்கொண்டு டிஸ்பி தூதை மிகுதியாகப் படியெடுக்கிறது. இருப்பிலுள்ள இஸ்டிஆர்–1 போதாமல்போகிறது. டிஸ்பி பிறந்து உள்சவ்வில் துளையிடுகிறது. செல்லின் ஆற்றல் சரிகிறது. செல் சாவதில்லை, பெரும்பாலும் மந்தித்துக் கிடக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்து. அதுவே அபாய ஏற்பாட்டை எழுப்பி, டிஸ்பி வழியாகச் சில செல்களை மந்திக்கச் செய்து, தன்னிடமிருந்தே தப்ப வழி அமைத்துக்கொடுக்கிறது என்று 2010இல் டோர், வுலிச், லூயிஸ் மூவரும் காட்டினார்கள். ஈ.கோலியில், ஆய்வகத்தில் காட்டப்பட்டது இது. நம் வயிற்றுக்கு அப்படியே பொருத்திப் பேசக்கூடாது. ஆனாலும் மருந்துக்கடையில் மூன்று நாளைக்கு ‘சிப்ரோ’ வாங்கி விழுங்கிப் பழகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. இதைப் பற்றி எழுதிய தமிழ்க் கட்டுரை எதையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. மறவர் கதைகளையோ எண்ணி மாளவில்லை.

சிறு ஆர்.என்.ஏ. தூதைப் பிடிக்காமல் நச்சுப் புரதத்தையே நேராகப் பிடித்துக்கொள்ளும் வகையும் இருக்கிறது. உருளைக்கிழங்கை அழுகச்செய்யும் பெக்டோபாக்டீரியத்தில் 2009இல் விவரிக்கப்பட்ட டாக்ஸ்ஐஎன் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் உள்ளே நுழைந்தால் இந்த அமைப்பு விழித்து, தொற்றுண்ட செல் அழிய, வைரஸும் பெருகாமல் போகிறது. அண்டைச் செல்கள் தப்புகின்றன. இங்கே மட்டும் தியாகம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் இடம் இருப்பதுபோல் தோன்றும். அதை மறுக்கமாட்டோம். ஆனால் எட்டு வகை வரை எண்ணப்படும் அமைப்புகளில் ஒரு மூலையில் பொருந்துவதை எல்லாவற்றுக்கும் தலைப்பாக்குவது நேர்மையன்று.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களைப் பேனா எடுக்க வைத்தது. எங்கள் கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் கொண்டுவந்த கட்டுரையில், ‘பத்து நச்சு மரபணுக்களை நீக்கினால் மருந்துக்குத் தப்பும் கிருமிகள் நூறு மடங்குக்கும் மேல் குறைகின்றன’ என்ற செய்தி, ஐயத்துக்கிடமில்லாத உண்மையாக எழுதப்பட்டிருந்தது. இது 2011இல் கெர்டெஸின் குழு வெளியிட்ட முடிவு. 2013இல் அதே குழு அதன்மீது ஒரு பெரிய விளக்கத்தையும் கட்டியது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அந்த இரு ஆய்வுத்தாள்களுமே 2018இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டன. சோதனைக்குப் பயன்பட்ட பாக்டீரியா வகைகளில் ஃபை–80 என்ற வைரஸ் தெரியாமல் புகுந்திருந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் நீக்கிய மரபணுக்கள் அல்ல. இதை 2017இல் முதலில் வெளியிட்டவர்களில் கெர்டெஸே ஒருவர். பிரஸ்ஸல்ஸ் குழு ஒன்று புதிதாகப் பத்தையும் நீக்கிப் பார்த்து, தப்பும் கிருமிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2018இல் உறுதிசெய்தது.

கவனியுங்கள், அந்தப் பத்தும் புரதத்தைப் புரதம் அடக்கும் வகை. டிஸ்பி கதை வேறு, அது சிறு ஆர்.என்.ஏ. அடக்கும் வகை, 2018இன் தீர்ப்பு அதன்மேல் விழவில்லை. ஆனால் ‘நச்சு–நச்சுமுறி’ என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் கட்டி, அதன்மேல் ‘தற்கொலை’ என்று எழுதி ஒட்டிவிட்டவருக்கு எது நின்றது, எது விழுந்தது என்று பிரித்துப்பார்க்க வழியே இல்லை. கதை அழகாக இருக்கிறது. அழகான கதையைத் திரும்பப் பெறுவதில்லை அல்லவா? தன் பெயரால் புகழ்பெற்ற முடிவைத் தானே தகர்த்த ஆய்வாளரைவிட, அந்த முடிவை ஒருமுறை கேள்விப்பட்டவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது நம் எழுத்துச் சூழலின் விசித்திரங்களில் ஒன்று.

‘ஒரு தகவல் பிழைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அன்றைய கூட்டத்தில் அக்கட்டுரையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். திண்ணையோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர், இடையில் கேட்டார்: “ஏம்பா, எனக்கு ரெண்டு மாசத்துலயே இருமல் நின்னுபோச்சு. அப்புறம் எதுக்கு ஆறு மாசம்? இந்தக் கிருமிதான் தன்னால சாவுதுன்னு எழுதியிருக்கே?” படித்துக்கொண்டிருந்தவர், “இல்ல தாத்தா, அது வேற கிருமி, இது வேற” என்று சொல்லிவிட்டு மேலே படிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டார். உவமை எங்கே போய் முட்டும் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு என்ன பதில் சொல்வது? காசநோய்ச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெருமளவு அழிகின்றன. இருமல் நிற்பது அதனால்தான். பெருகாமல் மந்தித்துக் கிடப்பவை மருந்துக்கு மெதுவாகவே இரையாகின்றன. அவை மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டவை அல்ல. வேலை செய்யாமல் கிடப்பதால் மருந்து தாக்குவதற்கான இடம் குறைவு, அவ்வளவே. இந்த வகைச் செல்களை 1944இலேயே ஜோசப் பிக்கர் பெனிசிலின் சோதனையில் கண்டு பெயரிட்டார். ஆறு மாதம் என்பது கிருமியின் பிடிவாதத்துக்கான தண்டனைக்காலம் அன்று. மந்தமானவை தீர்வதற்கு ஆகும் காலம். இங்கேயும் கணக்கு ஆயுட்காலத்தின் கணக்குத்தான்.

இதைக் கண்டறிந்ததில் நம் மண்ணுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்றைய நம்பிக்கை என்ன? நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, சானட்டோரியத்துப் படுக்கை. இவையே காசநோயை வெல்லும் என்பது. அழகான சித்திரம், எத்தனையோ நாவல்களுக்குக் களம் தந்த சித்திரம். மையத்தார் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானட்டோரியத்திலும் மறுசாராரை அவர்களுடைய நெருக்கடி மிகுந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் அரைவயிறு உண்டு மருந்து சாப்பிட்டவரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார். குணப்படுத்தியது படுக்கையும் காற்றும் அல்ல, விடாமல் உட்கொண்ட மருந்து. இந்தியா போன்ற நாட்டில் இலட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற வழிவகுத்தது அந்த எண்ணிக்கை. சித்திரத்தின்மேல் இரக்கம் காட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியிலும் எண்பதுக்குக் குறையாத நச்சு–நச்சுமுறி இணைகள் இருக்கின்றன. இதைக் கண்டதும் நம்மவருக்குக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். அவற்றில் மிகப்பெரும்பாலானவை புரதம் புரதத்தை அடக்கும் வகை. ஈ.கோலியில் பல சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குத் துணைநிற்கும் எச்எஃப்க்யூ என்ற புரதமே காசநோய்க் கிருமியில் காணப்படவில்லை. ஆகவே சோக்கின் கதையையோ டிஸ்பியின் கதையையோ அப்படியே பெயர்த்தெடுத்து நுரையீரலில் நடுவது தகாது. ஒதியங்கிளையை எங்கே நட்டாலும் துளிர்க்கும். அறிவியல் முடிவு அப்படித் துளிர்ப்பதில்லை.

எங்கள்மீது இன்னொரு குற்றச்சாட்டும் வரும். அறிவியலின் ‘பெருங்கதையாடலுக்கு’ நாங்கள் அடிபணிந்துவிட்டோம், புனைவின் சுதந்திரத்தை மறுக்கிறோம் என்று. கவிதையில் பாக்டீரியா வடக்கிருக்கட்டும், வாள் ஏந்தட்டும், கேட்கமாட்டோம். கட்டுரை என்று பெயரிட்டு, ஆண்டும் எண்ணும் கொடுத்து, நோயாளி ஒருவர் நம்பிப் படிக்கும் இடத்தில் வைத்தால் கேட்போம். இலக்கியம் படித்தவன் பொய்யையும் புனைவையும் பிரித்தறியத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் மாதந்தோறும் கூடுகிறோம்.

அந்தக் கட்டுரை நூலாக வரவிருக்கிறது என்று அறிகிறோம். அதன் ஆசிரியர் எங்களுக்கு வேண்டியவர்தான். எங்கள் கூட்டங்களுக்கு வந்து போனவர். அச்சுக்குப் போகுமுன் அவர் ‘தற்கொலை’ என்ற தலைப்பை எடுத்துவிட வேண்டும். 2011ஆம் ஆண்டுச் செய்தி வரும் பத்தியில் 2018ஐயும் எழுத வேண்டும். நீலகண்டனுக்கு ஒதுக்கிய அரைப்பக்கத்தில் அரை நிமிடத்தையும் இருபது நிமிடத்தையும் எழுதலாம், இடம் போதும். எங்கள் பெரியவருக்கு நான்காம் மாதம் நடக்கிறது. நூல் வெளிவந்ததும் அவருக்கும் ஒரு பிரதி வேண்டுமாம்.